படம் வரைந்தவருக்கு, ஃபார்மேட் எல்லோருக்கும்: தீம் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

டெஸ்க்டாப் தீம் மென்பொருள்களை உருவாக்கி விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் மென்பொருள்களுக்குத் தீம், அதாவது கணினித் திரையின் ஜன்னல்களுக்கும் பட்டன்களுக்கும் போடும் தோற்றம், வரைகிறவர்களில் நானும் ஒருவன். டைட்டில் பார், ஸ்க்ரோல் பார், மூடும் பட்டன் என்று ஒவ்வொரு பிக்சலாகப் பார்த்துப் பார்த்து வரைவது எனக்கு இருபது ஆண்டுப் பழக்கம். எது யாருக்குச் சொந்தம் என்பதை நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் வரைந்த படங்களை உங்கள் இம்போர்ட் வசதி, அதாவது வேறு மென்பொருளின் தீமை உங்கள் வடிவத்துக்கு மாற்றும் கருவி, யாரையும் கேட்காமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் படங்களை அடுக்கி வைக்கும் கோப்பு வடிவத்தை (ஃபார்மேட்) மட்டும் 'எங்கள் சொத்து, யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது' என்று உரிம ஒப்பந்தத்தில் எழுதி வைக்கிறீர்கள்.

நான் இலவசமாக வெளியிட்ட ஒரு தீம், சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு மென்பொருளின் வடிவத்துக்கு மாறி, காசுக்கு விற்கும் தொகுப்பு ஒன்றில் இருந்தது. மூடும் பட்டனின் வலது ஓரத்தில் ஒரு பிக்சல் தவறாக வரைந்திருந்தேன். அந்தத் தவறுகூட அப்படியே இருந்தது, என் பெயர் மட்டும் இல்லை. எழுதிக் கேட்டேன். 'மாற்றியது ஒரு பயனர், நாங்கள் கருவியை மட்டும்தான் கொடுத்தோம்' என்று பதில் வந்தது. என் பெயரும் நிபந்தனையும் இருந்த உரைக்கோப்பை அந்தக் கருவி ஏன் தூக்கிப் போட்டது என்று திரும்பக் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

திறந்த வடிவம் என்ன செய்யும் என்பதற்கு வினாம்ப் என்ற பாட்டு மென்பொருளின் ஸ்கின்களை, அதாவது அதன் தீம்களைப் பாருங்கள். அவற்றின் கோப்பு வடிவமான டபிள்யூஎஸ்இசட் என்பது பெயர் மாற்றிய ஜிப் கோப்புதான். பிரித்தால் உள்ளே சில பிஎம்பி படங்களும், பாட்டுப் பட்டியலின் நிறங்களைச் சொல்லும் ஓர் உரைக்கோப்பும், பாட்டுக்கேற்ப ஆடும் பட்டைகளின் நிறங்களைச் சொல்லும் இன்னொன்றும் இருக்கும். பெயின்ட் இருந்தால் போதும், பள்ளிச் சிறுவன்கூட ஸ்கின் செய்யலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். அந்த வடிவம் எல்லோருக்கும் புரிந்ததால் லினக்ஸில் எக்ஸ்எம்எம்எஸ் என்ற பாட்டு மென்பொருள் அதே ஸ்கின்களைப் படித்தது. இன்று வெப்ஆம்ப் என்ற இணையப் பிளேயர் அவற்றை பிரவுசருக்குள்ளேயே காட்டுகிறது. வினாம்ப் 1999-இல் ஏஓஎல் நிறுவனத்தின் கைக்குப் போய், அப்புறம் வேறு கைகளுக்கும் மாறியது. ஸ்கின்கள் அதனால் சாகவில்லை.

விண்டோஸ் எக்ஸ்பியின் கதை வேறு. 2001-இல் வந்த அதில் லூனா என்ற ஒரே தோற்றம், நீலம், ஆலிவ், வெள்ளி என மூன்று நிறங்களில். தீம் இயந்திரம் உள்ளே முழுதாக இருந்தது. ஆனால் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எம்எஸ்ஸ்டைல்ஸ் என்ற தீம் கோப்பை அது ஏற்காது. எனவே அந்தச் சோதனையைச் செய்யும் யுஎக்ஸ்தீம் டிஎல்எல் என்ற விண்டோஸ் கோப்பைத் திருத்தித்தான் எங்கள் தீம்களை ஓட்டினோம். சர்வீஸ் பேக் என்ற பெரிய அப்டேட் வந்தால் மறுபடி திருத்த வேண்டும். அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். எக்ஸ்பிக்கு வரைந்த எதையும் அதில் அப்படியே போட முடியவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தவர்களின் உழைப்பு ஒரே பதிப்பில் போனது. எத்தனை நல்ல ஓவியர்கள் அதோடு கையைக் கழுவினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. ஆப்பிள் 2000 ஜனவரியில் மேக் கணினிகளுக்கான அக்வா தோற்றத்தைக் காட்டியதும், அதன் பட்டன்களை அப்படியே வெட்டி எடுத்த ஸ்கின்கள் கிளம்பின. ஆப்பிளின் வழக்கறிஞர்கள் நோட்டீஸ் அனுப்பினார்கள். வெட்டி ஒட்டியவர்களுக்கு நான் பரிந்து பேசமாட்டேன். நாங்கள் அதை 'ரிப்' என்போம், அது திருட்டுதான். கண்ணாடி போல மின்னும் பட்டனை ஒருவர் தன் கையாலேயே புதிதாக வரைந்தால் அது வேறு. திரைத் தோற்றத்தை நகலெடுத்ததாக 1988-இல் மைக்ரோசாஃப்ட் மீது ஆப்பிள் போட்ட வழக்கு 1994-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் ஜன்னல்கள், சின்னப் படங்கள் (ஐகான்கள்) போன்ற பொதுவான எண்ணங்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பது அங்கே தெளிவானது.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இன்னும் நேராகவே பேசியிருக்கிறது. 2010-இல், திரையில் தெரியும் இடைமுகம் நிரல் (புரோகிராம்) ஆகாது, ஆனால் ஒருவரின் சொந்தப் படைப்பாக இருந்தால் சாதாரணப் பதிப்புரிமை அதற்குக் கிடைக்கலாம் என்றது. 2012-இல் சாஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில், நிரலின் செயல்பாட்டையும் தரவுக் கோப்பின் வடிவத்தையும் நிரலுக்கான பதிப்புரிமை காக்காது என்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், வேறு வழியில் எளிதாகக் கிடைக்காத தகவலைத் தன் நிரல் மற்றதோடு ஒத்துப்போவதற்காகத் தேடி எடுப்பதை மீறலாகக் கருதவில்லை. அப்படியிருக்க, வடிவத்தைப் பிரித்துப் படித்த ஒரு மாணவனுக்கு மிரட்டல் கடிதம் எதற்கு?

வடிவத்தைத் திறந்தால் வியாபாரம் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். லினக்ஸ் உலகத்தில் ஐகான் தீம்களுக்குப் பொதுவான விவரணம் (ஸ்பெசிஃபிகேஷன்) ஒன்று இருக்கிறது. ஒரே ஐகான் தொகுப்பு க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்ற மூன்று டெஸ்க்டாப் மென்பொருள்களிலும் ஓடுகிறது. அதனால் அவற்றில் எதுவும் மூடப்படவில்லை. உங்கள் மென்பொருளை மக்கள் வாங்குவது அது வேகமாக, நினைவகத்தைத் தின்னாமல் ஓடுவதால். கோப்பு பூட்டியிருக்கிறது என்பதற்காக யாரும் வாங்குவதில்லை.

சரி, கேட்பது இதுதான். உங்கள் வடிவத்தின் முழு விவரணத்தை வெளியிடுங்கள், பழைய பதிப்புகளுக்கும் சேர்த்து. வரைந்தவர் பெயருக்கும் உரிமத்துக்கும் கோப்புக்குள்ளேயே கட்டாய இடம் வையுங்கள். இம்போர்ட் கருவி அதைப் படிக்கட்டும், மாற்றிய கோப்பிலும் எழுதட்டும். 'மாற்றக் கூடாது' என்று வரைந்தவர் குறித்திருந்தால் அங்கேயே நிற்கட்டும். இதற்குப் பெரிய பொறியியல் எதுவும் தேவையில்லை. ஒன்றிரண்டு நாள் வேலை.

என் பழைய தீம்களின் மூலப் படங்கள் எல்லாம் அடுக்கு அடுக்காகப் பத்திரமாக இருக்கின்றன. உங்களில் எவர் முதலில் விவரணத்தை வெளியிடுகிறாரோ, அவருடைய வடிவத்துக்கு அவற்றை நானே மாற்றிக் கொடுக்கிறேன், காசு வாங்காமல்.

அன்புடன்,
தீம் வரைகிறவன்