கையில் காசு இருக்கும்போதே

நாமக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், கோபமெல்லாம் இல்லை. கவிதா பெங்களூரு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கப் போகிறாள், "அந்த லைனில் கெட்டு நொந்தவன் நீ, அவளுக்கு நாலு வார்த்தை சொல்லு" என்று எழுதியிருந்தாய். கெட்டு நொந்தவன் என்பது சரிதான். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிகளுக்கு ரிட்டர்ன் லோடு பிடித்துக் கொடுக்கும் என் சாஃப்ட்வேரை இழுத்து மூடி இந்த ஆடியோடு ஒரு வருஷம்.

போனில் பேசினேன். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவள் எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "மாமா, ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு ரெண்டு தடவை கேம் பண்ணித் தோத்தார். ரெண்டு தடவையும் வேற ஒண்ணுல ஜெயிச்சார். தோத்தா என்ன இப்போ?" உன் வாயும் உன் பிடிவாதமும் அப்படியே இருக்கிறது அவளுக்கு.

உனக்கு அந்த ஆளைத் தெரிந்திருக்காது, கம்ப்யூட்டர் கம்பெனிகள் தொடங்கிப் பேர் வாங்கியவர். கனடாவின் மேற்குக் கரையில் லண்ட் என்று ஒரு சிற்றூர், அங்கே 1973-இல் பிறந்தவர். ஹிப்பித் தாய் தகப்பன், மரக்கட்டை வீடு, குழாய்த் தண்ணீர் கிடையாது. வைத்த பெயர் தர்மா! ஸ்டூவர்ட் என்பது அவராகப் பிறகு மாற்றிக்கொண்டது. கேம்பிரிட்ஜ் வரை போய்த் தத்துவம் படித்துவிட்டு வெப்சைட் வேலைக்கு வந்தார்.

2002-இல் வான்கூவரில் நாலைந்து பேர் சேர்ந்து, முடிவே இல்லாத ஒரு இணைய விளையாட்டைக் கட்ட ஆரம்பித்தார்கள். டாட் காம் என்ற இணையக் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்த நேரம், விளையாட்டுக்கு யார் பணம் போடுவார்கள்? ஒரு கட்டத்தில் அந்த ஆபீஸில் ஒரே ஒருவருக்குத்தான் சம்பளம், பிள்ளைகுட்டி இருந்தவருக்கு. கவிதா இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிவிட்டாள், நான் பிடித்து நிறுத்தினேன். அந்த விளையாட்டுக்காகச் செய்து வைத்ததிலிருந்து படம் பகிர்கிற ஒரு வசதியைப் பிரித்தெடுத்து, 2004-இல் ஃப்ளிக்கர் என்று வெளியே விட்டார்கள். அடுத்த வருஷமே யாஹூ வாங்கிக்கொண்டது. 2008-இல் அங்கிருந்து விலகியபோது அவர் கொடுத்த ராஜினாமாக் கடிதம் வேடிக்கையானது. தன்னைப் பரம்பரைத் தகரத் தொழிலாளி என்று பாவித்து, கம்பெனியில் தகரத்துக்கு மதிப்புப் போய்விட்டதே என்று புலம்பியிருப்பார்.

வெளியே வந்து என்ன செய்தார்? மறுபடியும் விளையாட்டு! பெயர் க்ளிட்ச். ஆட்கள் வான்கூவர், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று சிதறிக் கிடந்தார்கள். பேசிக்கொள்ள ஐஆர்சி என்ற பழங்காலத்து அரட்டை முறை. அதில் ஒரு கோளாறு: நீ லைனில் இல்லாத நேரம் யாராவது பேசினால் அது உனக்கு வராது, போனது போனதுதான். அதனால் பேச்சு எல்லாவற்றையும் சேமித்து வைக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். சேமித்ததைத் தேட இன்னொன்று, யாராவது ஃபைல் ஏற்றினால் தகவல் சொல்ல மற்றொன்று. தேவைப்பட்டபோது ஒட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான். அதை ஒரு சரக்காக அவர்களே நினைக்கவில்லை.

க்ளிட்ச் ஓடவில்லை. இணையத்தில் படங்களை அசைய வைக்கும் ஃப்ளாஷ் என்ற பழைய சாஃப்ட்வேரில் கட்டியது, அது ஐபோனில் வேலை செய்யவில்லை. 2012 கடைசியில் மூடிவிட்டார். எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்ல எழுந்தவர், தன் பேச்சை நம்பி ஊர் மாறி வந்த ஒருவரைப் பார்த்ததும் அழுதுவிட்டாராம்.

சேகர், நான் கவிதாவிடம் அழுத்திச் சொன்னது இங்கேதான். அன்றைக்குக் கம்பெனிக் கணக்கில் ஐம்பது லட்சம் டாலர் கிட்ட மிச்சம் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓட்டவில்லை. விளையாடியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலை போனவர்களின் திறமையை விவரமாகப் போட்டு, இவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தனியாக ஒரு பக்கமே வைத்தார்கள். பணம் போட்டவர்கள் மிச்சத்தை வைத்து வேறு ஏதாவது செய்யச் சொன்னார்கள். அப்போதுதான் அந்த ஒட்டுப் போட்ட அரட்டைக் கருவி கண்ணில் பட்டது. அதுதான் ஸ்லாக், ஆபீஸில் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சாஃப்ட்வேர். 2013 ஆகஸ்ட்டில் அறிவித்ததும் முதல் நாளே எட்டாயிரம் பேர் கேட்டு வந்தார்கள். 2021-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி அதை 2,770 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. பிறகு அவர் அங்கேயும் இருக்கவில்லை.

தோல்வியே படிக்கட்டு என்று இந்தக் கதையைச் சொல்லித் திரிகிறார்களே, எனக்கு அதில் எரிச்சல். ஃப்ளிக்கர் செய்தவர் என்ற பெயர் இல்லாமல் இரண்டாவது விளையாட்டுக்கு அவருக்கு ஒரு கோடியே எழுபது லட்சம் டாலர் யார் கொடுத்திருப்பார்கள்?

என் கதை உனக்குத் தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. புக்கிங் ஏஜென்ட்டுகள் என் ஆப்பைப் போனில் போட்டுக்கொண்டு, கமிஷன் போய்விடும் என்று பயந்து, லோடு மட்டும் பழையபடி நோட்டில்தான் எழுதினார்கள். ஆறாவது மாசமே எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது கையில் மூன்று லட்சம் இருந்தது. ஏழு பையன்களையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். "தீபாவளிக்கு அப்புறம் சூடு பிடிச்சிடும்டா" என்று சொல்லிக்கொண்டே பதினாலு மாசம் ஓட்டினேன். விமலாவின் நகை அடகுக்குப் போனது. கடைசி இரண்டு மாசச் சம்பளம் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு பையனின் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று, திட்டக்கூட இல்லை, தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அதனால் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: எல்லோருக்கும் மூன்று மாசச் சம்பளம் தனிக் கணக்கில் இருக்கட்டும், அதைத் தொட வேண்டி வரும் நாளில் சாத்திவிடு. சரி என்றாள். கேட்பாளா தெரியாது. நீ தடுக்காதே, அவ்வளவுதான்.

உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? கொல்லிமலைப் பலா இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது, லாரியில் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன். விமலாவின் வளையலை மீட்டாயிற்று, ஆரம் இன்னும் உள்ளேதான். பையன்கள் பாக்கியில் ஆறு பேருக்குத் தீர்ந்தது. ஒருவனுக்கு மட்டும் இன்னும் பதினெட்டாயிரம், மாசம் இரண்டாயிரம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
பழனி