எங்கள் வீட்டுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்பின் ஃபாதர், சிஸ்டர்மார், வின்சென்ட் தே பவுல் சபை அண்ணன்மார், அக்காமார், மண் சுமந்த தம்பி தங்கச்சிகள் எல்லோருக்கும் வணக்கம்.

வேலை முடிந்த அன்றே நேரில் நன்றி சொல்லிவிட்டோம். ஆனால் காசு தந்த பலரை நாங்கள் கண்டதே இல்லை. உங்கள் கூட்டத்தில் ஒரு பையைச் சுற்றி விடுவீர்களாம், யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாதாம். அப்படிப் போட்டவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் இந்த மடல்.

எங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் இலங்கையில் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது ஊரைவிட்டு ஓடி, முதலில் மடு மாதா கோயிலில் ஒதுங்கினோம். அப்புறம் படகேறி ராமேஸ்வரம், மண்டபம் அகதி முகாம், கடைசியில் மதுரை மாவட்டத்தில் இந்த முகாம். நான் அப்போது சின்னப் பிள்ளை. படித்ததும் கல்யாணம் முடித்ததும் பிள்ளை பெற்றதும் எல்லாம் இங்கேதான். கொஞ்ச நாளைக்கு என்று கட்டிய பத்துக்குப் பத்து அறைதான் இத்தனை வருஷமும் வீடு. மாமி, நாங்கள் இரண்டு பேர், மூன்று பிள்ளைகள். வயசுக்கு வந்த மகள் உடுப்பு மாற்ற ஒரு சேலையைக் குறுக்கே கட்டி வைத்திருந்தோம். மேலே தார் சீட். சித்திரை வெயிலில் பகலில் உள்ளே இருக்க முடியாது, ஐப்பசி மழையில் இரவில் படுக்க முடியாது.

முகாம் வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக 2021இல் தமிழக அரசு அறிவித்தது. 7,469 வீடுகள். அந்த வருஷம் நவம்பரில் வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டியதை டிவியில் பார்த்து முகாமே சந்தோஷப்பட்டது. அதே வருஷம் மாசப் பணமும் கூடியது, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய். அதற்கும் நன்றியோடுதான் இருக்கிறோம். ஆனால் எங்கள் வரிசை வரும்வரைக்கும் மாமியின் முழங்கால் பொறுக்கவில்லை. பொதுக் கக்கூஸ் முகாமின் அந்தக் கடைசியில். இரவில் போக வேண்டுமே என்று சாயங்காலத்துக்கு மேல் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் அது எங்களுக்கே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் சபையிலிருந்து இரண்டு பேர் வந்தீர்கள். என் மனசில் அழியாமல் நிற்பது அந்த முதல் நாள். ஏற்கெனவே எங்களுக்கு உதவியவர்கள் உண்டு. அரிசி, போர்வை, நோட்டுப் புத்தகம் எல்லாம் கிடைத்திருக்கிறது, ஒன்றையும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பாயில் உட்கார்ந்து, தந்த தேத்தண்ணியைக் குடித்து, "உங்களுக்கு முதலில் எது வேணும், அம்மா சொல்லுங்கள்" என்று மாமியிடம் கேட்டவர்கள் நீங்கள்தான். நாங்கள் கூரை என்று சொல்ல நினைத்திருந்தோம். மாமி கக்கூஸ் என்றார். அதுதான் முதலில் நடந்தது. 1833இல் பாரிஸில் ஓசானாம் என்ற மாணவரும் கூட்டாளிகளும் சபையைத் தொடங்கிய நாளிலிருந்தே ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் வழக்கம் என்று அன்றைக்கு ஓர் அண்ணன் சொன்னார்.

முகாம் நிலம் அரசாங்கத்துடையது. அனுமதிக்கு அலைந்ததும் நீங்கள்தான். பிறகு பின்பக்கம் ஹாலோ பிளாக் வைத்துக் குளியலறையோடு கக்கூஸ் எழுந்தது. சுவரில் கைப்பிடிக் கம்பி வைக்கும் முன் மேஸ்திரி மாமியை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார், எழும்பச் சொன்னார், கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து அந்த இடத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டார். முதல் கோடு உயரம் என்று மாமி சொன்னதும் அழித்துவிட்டு இன்னொன்று போட்டார். வீட்டு விஷயத்தில் மாமியின் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்புக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்து சுவரை மூன்று வரிசை உயர்த்திப் புதுத் தகரம் போட்டீர்கள், ஒரு ஜன்னல், மகளுக்கு ஒரு தடுப்பு. பெயிண்ட் மட்டும் மிச்சம். என் வீட்டுக்காரர் இந்த முகாமில் மற்ற ஆம்பிளைகளைப் போலப் பெயிண்ட் வேலைதான் பார்க்கிறார், ஊரில் எத்தனையோ மாடி வீடுகளுக்கு அடித்திருக்கிறார். "நீங்களே அடியுங்கள், கூலி நாங்கள் தருகிறோம்" என்றீர்கள். சொந்த வீட்டுக்குக் கூலியா என்று அவர் மறுத்தார். வேலைக்குப் போகாத நாள்களுக்கு அடுப்பு எரிய வேண்டாமா என்று சிஸ்டர் பிடிவாதமாகக் கையில் வைத்தார். என் வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்கு இருந்த நிமிர்வைத் தந்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் சைவம். எந்தக் கோயில், என்ன சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை. கூரை பிரித்த அன்று எங்கள் மன்னார்ப் பக்கத்துச் சிவன் திருக்கேதீச்சரத்தான் படத்தைத் துணியில் சுற்றி பத்திரமாக எடுத்து வைத்ததும், வேலை முடிந்து ஆணி எங்கே அடிக்க என்று கேட்டதும் உங்கள் கோயில் பங்குப் பிள்ளைகள்தான். மடுவில் எங்களுக்குச் சோறு போட்டவர்களும் கேட்கவில்லை என்று மாமி சொல்லிக்கொண்டே இருந்தார்.

மிஞ்சிய சிமெண்டையும் கல்லையும் நீங்கள் சொன்னபடி பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டோம், அவர்கள் குசினித் தரை போட்டுவிட்டார்கள். ஆளுதவி நாங்கள் செய்தோம். இனி முகாமில் எந்த வீட்டுக்கு நீங்கள் வேலை எடுத்தாலும் பெயிண்ட் கூலி வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. வயரிங் வேலை பார்த்த தம்பி கூலி வாங்காமலே போய்விட்டார், அவர் நம்பரும் எங்களிடம் இல்லை. யாராவது அவரைக் கண்டால், மாமி ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முகாமிலிருந்து உங்கள் சகோதரியும் குடும்பத்தாரும்