எந்தப் பக்கக் கடல் என்று பார்த்து நடக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனுஷ்கோடிக்குப் போக எது நல்ல காலம் என்று கேட்டால் சுற்றுலாப் பக்கங்கள் எல்லாம் ‘அக்டோபர் முதல் மார்ச் வரை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. காரில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு அது போதும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை நடக்க நினைப்பவருக்கு அந்த வரியால் பயனில்லை. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களை விட்டுவிட்டால் ஆனி தொடங்கி ஐப்பசி வரை கூட்டம் குறைவு. குறைவதற்குக் காரணமே காற்றும் மழையும்தான். அந்தக் காற்றைப் புரிந்துகொண்டால் இந்தக் காலத்திலும் நன்றாக நடக்கலாம்.

நம் கரையில் கேரளத்து வர்க்கலை போலக் குன்றின் விளிம்பில் நடக்கிற பாதை கிடையாது. இங்கே இருப்பது தென்கிழக்காக நீண்டு கிடக்கும் ஒரு மணல் நாக்கு. அதன் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கில் இருப்பது சாந்தமானது என்று பெண் கடல் என்றும் தெற்கில் இருப்பது சீறுவது என்று ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இந்தப் பெயர்கள் பாதி வருடத்துக்குத்தான் பொருந்தும். வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம் போல் கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று திரும்பியதும் கதை தலைகீழ். பெண் கடல்தானே என்று கார்த்திகையில் வடக்கே இறங்குகிறவர் ஏமாந்து போவார். ஆகவே கச்சான் காலத்தில் வடகரை, வாடைக் காலத்தில் தென்கரை. இரண்டு காற்றுமே நடப்பவரின் பக்கவாட்டில் அடிப்பவை என்பதால், போகும்போதும் திரும்பும்போதும் இதே கணக்குதான்.

தூரம் 9.5 கிலோமீட்டர். கம்பிப்பாடு வரை 5, அங்கிருந்து முனைக்கு 4.5. தார்ச்சாலையில் 2 மணி நேரம் பிடிக்கும். அலை நனைத்த இறுகிய மணலில் இரண்டரை. காய்ந்த மணலில் இறங்கினால் மணிக்கு 2 கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஒவ்வோர் அடியிலும் கால் பின்னுக்கு வழுக்குவதால் உழைப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். திரும்பி வரப் பேருந்தை நம்புகிறவர்கள், அதன் நேரத்தைப் போகும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

வடகரையில் நடப்பவர்கள் கம்பிப்பாடு வரை சாலையை விட்டு இறங்காமல் இருப்பதே மேல். சாலைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள உப்புநீர்ப் பரப்பு கோடையில் வற்றி, மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டிக் கிடக்கும். பார்த்தால் சிமென்ட் தரை மாதிரி இருக்கும். நாலைந்து அடி வைத்ததும் பொருக்கு உடைந்து, முழங்கால் வரை கருஞ்சேறு இழுக்கும். செருப்பு உள்ளேயே தங்கிவிடும். மாட்டிக்கொண்டால் ஒற்றைக் காலில் பலம் கொடுத்து இழுக்காமல், பின்புறமாகச் சாய்ந்து உட்கார்ந்து காலை மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும். பூநாரைகள் வந்து இறங்குவதும் இந்தப் பரப்பில்தான். 2025இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி, உள்ளே இறங்குவது முறையும் அல்ல. கம்பிப்பாட்டுக்கு அப்பால் ஆழமற்ற நீரில் காலை நனைத்தபடி நடக்கலாம். ஆனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும். மேலே மிதித்தால்தான் வாலை வீசும். கச்சான் பலமாக இருக்கும் நாட்களில் இந்தப் பக்கம் கடல் சில மீட்டர் உள்வாங்கிப் படகுகள் தரைதட்டும். காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதால் நடப்பது அது. சுனாமி என்று வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

தென்கரையில் வேறொரு தொல்லை. கச்சான் கால அலை மணல்மேட்டை அறுத்துச் சில இடங்களில் மூன்று, நான்கு அடிச் செங்குத்து வெட்டாக விட்டுப் போயிருக்கும். ஈரம் இருக்கும்வரை சுவர் போல் நிற்கும். வெயில் ஏறி, மணலைப் பிடித்திருக்கும் அந்த ஈரம் காய்ந்ததும், முதலில் விளிம்புக்கு இணையாக மயிரிழை போல ஒரு கீறல் ஓடும். பிறகு மொத்தமாகச் சரியும். படம் எடுக்க எல்லோரும் போய் நிற்பது சரியாக அந்த விளிம்பில்தான். கீறல் கண்ணில் பட்டால் ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும். கீழே குழந்தைகளை உட்கார வைக்கவே கூடாது.

முனையில் குளிப்பது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். இரு பக்க நீரோட்டமும் அங்கே சேர்கிறது, நாலடி தள்ளினால் ஆழம்.

எந்த நாளில் கிளம்பவே கூடாது என்பதற்குப் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைவிட நல்ல அடையாளம் இல்லை. 1ஆம் எண் ஏறியிருந்தால் தாழ்வு மண்டலம் தொலைவில் இருக்கிறது, கவனத்தோடு போகலாம். 3ஆம் எண் என்றால் பலத்த காற்று துறைமுகத்துக்கே வரப்போகிறது, நடையை ஒத்திவையுங்கள். 1964 டிசம்பரில் இந்த மணலின் மேல் கடல் ஏறியதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏமாற்றுவது கள்ளக்கடல்தான். காற்றும் இல்லாமல் மேகமும் இல்லாமல், தூரத் தெற்குக் கடலில் எழுந்த பேரலை இங்கே வந்து ஏறும். பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் வரும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. ஐப்பசி இடியையும் லேசாக எண்ண வேண்டாம். அந்தச் சமவெளியில் நிற்பதிலேயே உயரமானது மனிதத் தலைதான். இடி கேட்டதும் வாகனத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருங்கள். கடலில் யாராவது சிக்கினால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும். சீசன் இல்லாத நாளில் கடைகள் பாதி மூடியிருக்கும். நிழல் அறவே கிடையாது. மணலில் தோண்டிய சிறு ஊற்றுகளைப் பார்த்தால் அதில் கால் கழுவாதீர்கள். உப்புநீருக்கு மேல் மிதக்கும் மழைநீர் அது, அங்குள்ள மீனவக் குடும்பங்கள் குடிப்பதற்கு எடுப்பது.

இன்னொன்று. மணல்மேட்டில் ஊசி போன்ற நுனியோடு உருண்டையாகப் பூக்கும் புல்லுக்கு ராவணன் மீசை என்று பெயர். ராமர் பேர் சொல்லும் தீவில் மண்ணைக் கட்டிக் காப்பது ராவணன் மீசைதான்! குறுக்கு வழி என்று அதை மிதித்துத் தடம் போட்டால் கச்சானில் மணல் அந்த வழியாகவே பறந்து சாலையை மூடுகிறது. பிறகு இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள். கரையை அழகுபடுத்துகிறோம் என்று மேட்டைச் சமப்படுத்தும் யோசனை எதுவும் வந்தால் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கம்பிப்பாட்டில் ஒரு நிழற்குடை, ஒரு குடிநீர்த் தொட்டி. முகுந்தராயர் சத்திரத்தில் ஒரு கரும்பலகை. அதில் அன்றன்று காற்றின் திசை, கூண்டு எண், எந்தப் பக்கக் கரையில் இறங்கலாம் என்ற மூன்றையும் தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் எழுதி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தங்கச்சிமடம்.