அப்பாவுக்கு வந்தது மாரடைப்பு அல்ல

பத்தமடை,
மார்கழி 20

அன்பு மகள் காந்திமதிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. சித்தப்பா போனில் "அண்ணனுக்கு ஹார்ட் வீக்" என்று சொன்னதிலிருந்து நீ அழுதுகொண்டே இருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். மசக்கையில் கஞ்சிகூட இறங்காமல் கிடக்கிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் 'காய்ச்சல்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். போனில் பேசினால் எனக்கும் குரல் உடைந்துவிடும். மாப்பிள்ளையின் சிநேகிதர் நாளை தோஹாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நிதானமாகப் படி.

கார்த்திகை முதல் வாரம் பிசான நடவு. வயலில் அப்பாவின் குதிகாலில் உடைமுள் ஏறியது. பதினைந்து வருடச் சர்க்கரை, வலி உறைக்கவில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டு, நடவு முடிந்த பிறகுதான் கரையேறினார். மூன்றாம் நாள் உடம்பு தூக்கிப்போடுகிற குளிர்காய்ச்சல். பக்கத்தில் ஒரு டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார். அவர் காலைப் பார்க்கவில்லை; நானும் காட்டவில்லை. அது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

அன்று இரவு கட்டிலில் படுத்துக்கொண்டு, "மடையை அடைத்தாயா, மடையை அடைத்தாயா" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பகல் முழுவதும் சிறுநீர் போகவில்லை. மூச்சு வேகமாக வாங்கியது. 108 வண்டியில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் 70-க்கு 40.

செப்சிஸ் என்றார்கள். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, அந்த ஆவேசத்தில் தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்கிவிடுமாம். என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். குதிகாலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். அழுத்தத்தை நிறுத்திப்பிடிக்க நார்அட்ரினலின் சொட்டுச்சொட்டாக ஏறியது. அப்படியும் மறுநாள் அழுத்தம் நிற்காமல், எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தபோதுதான் இதயத்தின் தளர்ச்சி தெரிந்தது. இதயத்தின் கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடமுள்ள ரத்தத்தில் 55 சதவீதத்துக்கு மேல் வெளியே தள்ள வேண்டும். அப்பாவுக்கு 30.

மாரடைப்பா என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைத்து, அது ஊட்டுகிற பகுதி சாகும். பெரும்பாலும் அந்தப் பகுதிதான் அசையாமல் நிற்கும். இவருக்கு இதயம் முழுவதுமே சோர்ந்திருக்கிறது. கிருமியின் நஞ்சும், உடம்பு சுரக்கிற அழற்சிப் பொருள்களும் சேர்ந்து தசையை மந்தப்படுத்திவிட்டன; தசை அணுக்களால் சக்தியைச் சரியாக உண்டாக்க முடியவில்லை. "உங்கள் வயல் மோட்டார் எரிந்துபோகவில்லை அம்மா, வோல்டேஜ் இறங்கியிருக்கிறது" என்றார். 1984-லேயே அமெரிக்காவில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம்: பிழைத்தவர்களுக்கு ஏழு முதல் பத்து நாளில் இதயம் பழையபடி திரும்பியதாம்.

அந்தப் பத்து என்ற எண்ணைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கப்போக தினமும் ஒரு மஞ்சள் சீட்டு தருவார்கள், ஐந்து நிமிடத்துக்கு. ஒவ்வொன்றையும் மடித்துச் சுருக்குப்பையில் போட்டேன். நாலாவது சீட்டன்று நார்அட்ரினலின் அளவைக் குறைத்தார்கள். ஆறாவது சீட்டன்று கண் திறந்து என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டாயா" என்றார். பத்தாவது சீட்டன்று எக்கோவில் 52. சீட்டுகளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இது பரம்பரையாக வருவதில்லை. உன் வயிற்றுப் பிள்ளையை நினைத்துப் பயப்படாதே. அப்பா இளைத்துத்தான் இருக்கிறார். பத்தடி நடந்தால் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். தேறுவதற்குச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள். புண் ஆறிவருகிறது. நானே தினமும் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு வரை வெளிச்சத்தில் பார்க்கிறேன். வரப்புக்குப் போனாலும் செருப்பு போடாமல் விடுவதில்லை.

ஏழாம் மாதம் உன்னை அழைத்துவரத் தானே திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வருவேன் என்கிறார். அடுத்த எக்கோ தை 10-ஆம் தேதி. ரிப்போர்ட்டை அன்று மாலையே படம் எடுத்து அனுப்புகிறேன், எண் எதுவாக இருந்தாலும்.

இப்படிக்கு,
அம்மா