நாலாவது டேக்

மச்சி,

ஆல்பம் முடிஞ்சுது. எல்லாப் பாட்டும் வியாசர்பாடி தங்கச்சிதான் பாடியிருக்கு. நீ ஏன் பேண்டை விட்டுப் போனேன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும், விடு.

கிட்டாரை மறுபடியும் 3 கட்டைக்கு ஏத்திட்டோம். உன் தொண்டைக்காகத்தான் அரைக் கட்டை இறக்கி வெச்சிருந்தோம். இறக்கினதும் மெல்லிசான 9 கேஜ் கம்பி தொளதொளன்னு ஆகி, ஓங்கி அடிச்சா சுருதி மேல ஓடுச்சு. அதனால தடியான 11 போட்டோம். கடல் காத்துல அதுவும் சீக்கிரம் துருப்பிடிச்சுது. உனக்காக இவ்ளோ பண்ணோம். நீ ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தியா? கிசுகிசுன்னு பேசினாலும் தொண்டை கெடும்னு எத்தினி தடவை சொன்னேன்!

மன்னிச்சிடு. டாக்டர் சொன்னதை இங்க எழுத மாட்டேன், நாலு பேர் படிக்கிற இடம்.

கொருக்குப்பேட்டை ரூம்ல நாலாவது தடவையா ரெக்கார்ட் பண்ண அந்த டேக். கும்மிடிப்பூண்டி வண்டி வர்ற நேரம். அந்த அதிர்வு தரை வழியா ஏறி ஸ்டாண்டு, மைக்குன்னு போகும். சுவத்துல ஒட்டின முட்டை அட்டை அதைத் தடுக்காது. குரல்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற கனத்த சத்தத்தை வெட்டிடலாம், காலால அடிக்கிற கிக் டிரம்ல வெட்டினா அதோட அடியே போயிடும். அதான் நிறுத்துன்னு கை காட்டினேன். நீ நிறுத்தல. மைக் தலையை முழுசாப் பொத்திக்கிட்ட. பின்பக்க ஓட்டை அடைஞ்சா மைக் எல்லாப் பக்கச் சத்தத்தையும் இழுக்கும், மானிட்டர் ஸ்பீக்கர் கூவும். கூவுச்சு. ரெண்டாவது சரணத்துல குரல் உடைஞ்சு வெறும் காத்து வந்துச்சு. அந்தக் காத்தை வெச்சே கடைசி வரி வரைக்கும் போன. டிரம்ஸ் நின்னப்புறமும் தனியா இழுத்த.

1981ல பிளாக் ஃபிளாக்னு அமெரிக்க பங்க் பேண்ட்ல ஹென்றி ராலின்ஸ் பாட வந்தப்ப, அதுவரைக்கும் பாடின டெஸ் கடேனா கிட்டாருக்குப் போனாரு. அதையே உன்கிட்ட கேட்டிருக்கணும். நீ அவமானமா எடுத்துக்குவேன்னு நினைச்சேன். உனக்கும் சேத்து நானே முடிவு பண்ணது தப்பு. ஆனா நீயும் ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?

தங்கச்சி நிமிஷத்துக்கு 190 தாளம் ஓடுற வேகத்துல ஒரு வார்த்தைகூட முழுங்கல. மைக்கைப் பிடியிலதான் புடிக்குது. உன்னை மாதிரி கத்த வேணாம்னு நான்தான் சொன்னேன். அது அந்த டேக்கைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

டிரம்ஸ் உன் மைக்ல கலந்துடுச்சு, அதனால பாட்டைத் தனியா எடுக்க முடியல. அது நின்னப்புறம் வர்ற 4 செகண்ட் மட்டும் சுத்தம். அதைக் கடைசிப் பாட்டோட முடிவுல, தங்கச்சி குரலுக்கு அடியில 6 டெசிபல் குறைச்சு வெச்சிருக்கேன். வண்டிச் சத்தத்தை வெட்டல.

வெள்ளிக்கிழமை மாஸ்டரிங், அதான் கடைசி மெருகு. வேணாம்னா அதுக்குள்ள சொல்லு, எடுத்துடறேன்.