நிரலின் பிறப்பையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிப் பாடம் பெரும்பாலும் கட்டளைகளை மனப்பாடம் செய்வதிலேயே தொடங்குகிறது. அக்கட்டளைகளைப் படிப்படியாக வரிசைப்படுத்தி எழுதும் நிரல் எப்படிப் பிறந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

1843-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் அடா லவ்லேஸ், சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரம் என்ற கணக்கிடும் பொறிக்காக, பெர்னூலி எண்கள் என்ற கணித எண்வரிசையைக் கணக்கிடும் வழியைப் படிப்படியாக அட்டவணையிட்டு வெளியிட்டார். அந்த இயந்திரமோ கடைசிவரை கட்டி முடிக்கப்படவே இல்லை! ஓடவிட்டுப் பார்க்க வழியில்லாமல், மனத்திலேயே ஓட்டிப் பார்த்து எழுதியது அது.

1940-களில் எனியாக் என்ற தொடக்ககால மின்னணுக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களுக்குக் கையேடுகூட இல்லை. மின்சுற்று வரைபடங்களைப் படித்தே அதன் இயக்கத்தைப் புரிந்துகொண்டார்கள். கம்பிகளை இடம் மாற்றிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பித்தான் அதைக் கணக்குப் போட வைத்தார்கள். 1946-இல் அது உலகுக்கு அறிமுகமானபோது அவர்களுக்கு உரிய பெருமை கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தே கிடைத்தது. மாணவிகள் இதை அவசியம் அறிய வேண்டும்.

தேர்வுக்கான கேள்வியாக இதைச் சுருக்கிவிடக் கூடாது. முதல் சில வகுப்புகளில் கணினியைத் தொடாமல், ஒரு வகுத்தல் கணக்கின் படிகளைத் தாளில் எழுதச் சொல்லலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுத்துப் பிசகாமல் செய்துபார்க்கட்டும். விட்டுப்போன படி உடனே தெரிந்துவிடும். பாடத்திட்டக் குழுவினர் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்