வளைவில் சிந்துவது எந்த எண்ணெய்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மல்லப்புரத்திலிருந்து மயிலாடும்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு எண்ணெய் சிந்திக் கிடக்கிறது, டூவீலர்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள், ஓட்டை ஜீப்புகளையெல்லாம் காயலான் கடைக்கு அனுப்பினால்தான் தீரும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வழுக்குவது உண்மைதான். ஐப்பசியில் முதல் தூறல் விழும்போது அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கும். ஆனால் ஜீப்புகள் மீது அவர் போட்ட பழியை ஏற்க முடியவில்லை.

என்னிடம் மகிந்திரா எம்எம் 540 இருக்கிறது. பெஜோ டீசல் எஞ்சின். உரமூட்டை, தண்ணீர் மோட்டார், உசிலம்பட்டி மார்க்கெட்டுக்குப் போகும் பூ, ராத்திரியில் யாருக்காவது வலி எடுத்தால் ஆஸ்பத்திரி, எல்லாமே அதில்தான். 'பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்' என்று அதை ஓட்டுகிறவர்களே சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்க மெனக்கெடாதவர்கள் சொல்லும் பேச்சு அது.

போன வருடம் என் வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே சொட்ட ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் (சுற்றும் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் பிடிக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இறக்கினதோடு கிளட்ச்சையும் மாற்றிவிடலாம் என்று பெரிய தொகையாகச் சொன்னார்கள். தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். 'எங்கேருந்து வருதுன்னு தெரியாம எதையும் கழட்டாதீங்க தம்பி' என்றார். எஞ்சின் ஆறியதும் டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்தார். ஈரம் காய்ந்த பிறகு, முகத்துக்குப் போடும் பவுடரைச் சந்தேகப்பட்ட இடமெல்லாம் தூவினார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் எண்ணெய் நடந்து வந்த பாதை கோடு கோடாகத் தெரிந்தது. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின்மூலையில் கிளம்பி, எஞ்சின் முதுகில் இறங்கி, பின் சீல் போனால் எங்கே சொட்டுமோ சரியாக அதே இடத்தில் வந்து சொட்டியிருக்கிறது.

அந்தக் கவருக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் கார்க் பேக்கிங் ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்தது என்று எழுந்தேன். அவர் விடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குப்பென்று காற்று அடித்தது. எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கருப்புச் சேறு கெட்டியாக அடைத்திருந்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி அடைத்துவிட்டால் எந்த பேக்கிங் சோனியோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். அந்த நிலையில் நூறு பேக்கிங் மாற்றினாலும் பிரயோசனமில்லை. குழாயைச் சுத்தம் செய்த பிறகும் மூடியைத் திறந்தால் அதே வேகத்தில் அடிக்கிறது என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது, அப்போது எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். என் வண்டிக்கு அந்த நிலை வரவில்லை.

புது சீல் போட்டும் ஒழுகுகிறதே என்று புலம்புகிறவர்கள், சீல் உட்காரும் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பார்க்கட்டும். பள்ளம் தட்டுப்பட்டால் லேத்தில் கொடுத்து அதன் மேல் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) போட வேண்டும். கசிவை அடைக்கும் பேஸ்ட்டை அள்ளி அப்புவது வீண்வேலை. உள்ளே பிதுங்கும் பேஸ்ட், எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் விழுந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் எஞ்சினே போகும்.

பின் ஆக்சிலுக்கும் ஒரு சின்ன பிரீதர் உண்டு. அது சேற்றில் அடைபட்டால், ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் ஆயில் சூடேறி, சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போய் பிரேக் ஷூவை நனைக்கும். பிரேக் பிடிக்காது, அல்லது ஒரு பக்கமாக இழுக்கும். எஞ்சினில் ஒரு சொட்டு என்றால் நாலு நாள் தள்ளிப்போடலாம். இதையும் பிரேக் ஆயில் ஒழுக்கையும் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்கவே கூடாது, அதுவும் மலையில்.

சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும், அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறையும் ஆர்டிஓ ஆபீசில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கிறோம். கார், ஜீப்புக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. சரி, கட்டுகிறோம். அந்தப் பணத்துக்கு வண்டியின் அடியிலும் டார்ச் அடித்துப் பார்த்து, ஒழுகினால் 'சரிபண்ணிக் கொண்டு வா' என்று திருப்பி அனுப்பட்டும். வருடத்தை மட்டும் எண்ணி உடைக்கச் சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்று. எஞ்சின் ஆயில் ஒழுகும் வண்டி நேர்ரோட்டிலும் சொட்டும், நிறுத்திய இடத்தில்தான் அதிகம் தேங்கும். வளைவில் மட்டும் பட்டையாகக் கிடந்தால் அது பெரும்பாலும் டீசல். டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு, ரப்பர் போன மூடியோடு திரும்பும் எந்த வண்டியிலும் சிந்தும், அது போன மாதம் வாங்கிய லாரியானாலும். மூடி தொலைந்துபோய் பாலித்தீன் கவரைத் திணித்துக் கட்டிய டேங்க்குகளும் எங்கள் பக்கம் ஓடுகின்றன. அந்த வாசகர் அடுத்த தடவை அந்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி, விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும்.

இப்படிக்கு,
ஜீப் வைத்திருக்கும் ஒரு விவசாயி,
எழுமலை, மதுரை மாவட்டம்.